எல்லோருக்காகவும் மன்னிப்புக் கேட்டவள்

எங்கள் ஓட்டலில் அவள் எல்லோருக்கும் அண்ணி. எனக்கு மட்டும்தான் உண்மையான அண்ணி, என் அண்ணன் பெண்டாட்டி. நான் பார்சல் கவுண்டரில் சேர்ந்த புதிதில், வீட்டு ஞாபகத்தில் "அண்ணி, நாலாம் மேசைக்கு ஆள் வந்தாச்சு" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய அப்பா வயதிருக்கும் பெரிய மாஸ்டர்கூட அடுப்படியிலிருந்து "அண்ணி, சூப் ரெடி" என்பார். மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுவார். ஊருக்கே அண்ணியாக இருப்பது சும்மா கிடைக்கிற பதவி இல்லை. ஊர் வாங்க வேண்டிய திட்டை எல்லாம் அவள் ஒருத்திதான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அது ஆரம்பித்த கதை வேடிக்கையானது. அவள் பரிமாறும் வேலைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சூப்பில் முடி கிடக்கிறது என்று ஒரு ஆள் எழுந்து நின்று கூச்சல் போட்டான். நீளமான நரைமுடி. சூப் காய்ச்சிய பெரிய மாஸ்டருக்குத் தலை பளபளவென்று இருக்கும். கொண்டுபோய் வைத்தவனுக்கும் வழுக்கை. அந்த மேசையைச் சுற்றி நரைமுடியோடு இருந்த ஒரே ஜீவன், கத்தியவனுடைய மாமியார்தான். இதை நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அண்ணி போனாள். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவன் கத்தி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, தப்பு எங்கள் மேல்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அவ்வளவுதான். அந்த ஆள் உட்கார்ந்து இன்னொரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்தான். மாமியார் வாயே திறக்கவில்லை.

மேனேஜர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நேரமும் மடிப்புக் கலையாத சட்டையில் நிற்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. அன்று முதல் இஸ்திரிக்கு வேலை சுலபமாகிவிட்டது. காபி ஆறிப்போயிருந்தால் அண்ணியைக் கூப்பிடு. மேசை கிடைக்கத் தாமதமானால் அண்ணியைக் கூப்பிடு. வெளியே மழை பெய்கிறது என்று ஒருவர் எரிந்து விழுந்தார், அதற்கும் அண்ணிதான் போய் மன்னிப்புக் கேட்டாள். மழையைப் பெய்யவைத்ததே இவள்தான் என்பது போல அந்த மனிதரும் பெரிய மனது பண்ணி மன்னித்தார்.

ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன், உங்களுக்கு ரோஷமே இல்லையா என்று. அவள் சிரித்தாள். கத்துகிறவனுக்குச் சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை, யாராவது ஒருத்தர் அவன் முன்னால் குனிய வேண்டும், குனிந்துவிட்டால் அவனுக்குப் பசி எடுத்துவிடும் என்றாள். வீட்டில் கதையே வேறு. அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், வாயில்லாப் பூச்சி. சண்டை வந்தால், தப்பு அவள் மேலே இருந்தாலும், அவன்தான் இறங்கி வர வேண்டும். என் மன்னிப்புச் சரக்கெல்லாம் ஓட்டலிலேயே தீர்ந்துபோச்சு, வீட்டுக்குக் கொண்டுவர ஒன்றும் மிச்சமில்லை என்பாள்.

சங்கம் என்ற பேச்சை முதலில் எடுத்தவன் நெட்டை. கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். முப்பதைத் தாண்டியவன், வீட்டில் கைக்குழந்தை. கையில் நாலு தட்டை அடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வருவதைப் பார்த்தால் நாமே சுவரோடு ஒட்டிக்கொள்வோம். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையில் எங்களைக் கூட்டுவான். அவன் கேட்டது ஒன்றும் வானத்து நிலா இல்லை. கைநீட்டுகிற ஆளுக்குப் பரிமாற மாட்டோம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் உட்காரவே கூடாது என்ற சட்டம் போக வேண்டும். கூட்டமில்லாத நேரத்திலும் அத்தனை நாற்காலிகளுக்கு நடுவில் நாங்கள் தூண் மாதிரி நிற்க வேண்டும்.

எல்லோரும் தலையாட்டுவார்கள். சூடு ஏறும். யூனியன் ஆபீசுக்கு நாளைக்கே போய்விடுவது என்று முடிவாகும். மறுநாள் அந்தச் சூட்டைக் கிளப்பிய சண்டையை அண்ணி போய்ச் சமாதானம் செய்துவிடுவாள். அடி வாங்கியவனும் விடு, முடிந்துபோனது என்பான். யூனியன் ஆபீஸ் அப்படியே நிற்கும். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. கடைசியில் நெட்டை அவளிடம் நேராகவே சொன்னான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நீங்க இருக்கிற வரைக்கும் இங்க சங்கம் வராது."

எனக்கு வந்ததே கோபம். எத்தனை தடவை அவனைக் காப்பாற்றியிருக்கிறாள், நன்றி கெட்டவன் என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவனோடு பேச்சையே நிறுத்தினேன், அவன் பார்சலை மட்டும் வேண்டுமென்றே கடைசியில் கட்டினேன். அண்ணி அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசாமல் வந்தாள். அவள் பேசாமல் வருவது எனக்குப் புதிது.

இஸ்திரிக்கு மூக்கு நீளம், சங்கத்தின் வாசனை எட்டிவிட்டது. அண்ணியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கூடத்துக்கு அவளை சூப்பர்வைசர் ஆக்கப்போவதாகவும், கல்லாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போடப்போவதாகவும் சொன்னார். பதிலுக்கு ஒன்றும் பெரிதாக வேண்டாமாம். பசங்களைக் கூப்பிட்டு சங்கம் வேண்டாமென்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், அவள் சொன்னால் கேட்பார்களாம். வீட்டில் அண்ணன் ஏற்றுக்கொள் என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை, வேலை முடிந்து செருப்பைக் கழற்றினால் அவள் கால் செருப்பின் அச்சோடு வீங்கியிருக்கும். நான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன். அவள் காலை அதில் விட்டுக்கொண்டு கேட்டாள்.

"அந்த நாற்காலி எனக்குப் போடறாங்களா, என் வாய்க்குப் போடறாங்களா?"

இஸ்திரிக்கு அவள் பதில் சொல்வதற்குள் ஸ்பூன்காரர் வந்துவிட்டார். ஸ்பூன்காரர் யார் என்றால், பரிமாறுகிறவனைக் கூப்பிட ஸ்பூனால் கண்ணாடி டம்ளரைத் தட்டுகிற ஆள். தன் கம்பெனி ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வருவார், அதனால் முதலாளியே அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார். அன்று மதியம் டம்ளரைத் தட்டினார். நெட்டை கை நிறையத் தட்டோடு வேறொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்ததும், கூட இருந்தவர்கள் சிரிக்கட்டும் என்று, அவன் காதைப் பிடித்துத் திருகினார். "கூப்பிட்டா கேக்காத காது எதுக்குடா?" என்றார். ஒரு குழந்தைக்குத் தகப்பன், நடுக் கூடத்தில், கை நிறையத் தட்டோடு காதைக் கொடுத்துக்கொண்டு குனிந்து நின்றான். என் உடம்பு பற்றி எரிந்தது.

நெட்டை தட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பிறகு அந்தக் கையைப் பிடித்து விலக்கினான். என் மேலேயே கை வைத்துவிட்டான் என்று ஸ்பூன்காரர் கூரை அதிரக் கத்தினார். இஸ்திரி ஓடிவந்து நெட்டையை மறைவுக்கு இழுத்துப்போய், மன்னிப்புக் கேள், இல்லையென்றால் யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நட என்றார். சங்கத்துக்காரனை வெளியேற்ற அவருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

"காது என்னோடது சார். நான் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?" என்றான் நெட்டை.

இஸ்திரி அண்ணியின் பக்கம் திரும்பினார். வழக்கம்போல நீங்கள் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இவன் வேலை பிழைத்துக்கொள்ளும் என்றார், குரலில் தேன் ஒழுகியது. நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் சொன்னால் நெட்டைக்கு வேலை நிச்சயம். ஆனால் காதைத் திருகியது நெட்டையின் தப்பு என்று ஆகிவிடும், எங்கள் சங்கமும் அந்த வெங்காய அறையிலேயே அழுகிப்போகும். சொல்லாவிட்டால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். வேண்டாம் அண்ணி என்று நெட்டை மெதுவாகச் சொன்னான்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் போகிற அதே நடையில் ஸ்பூன்காரர் மேசைக்குப் போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவரும் மன்னிக்கத் தயாராக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அண்ணி அவருக்கு எதிரில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், காதைப் பிடிச்சது நீங்க. சொல்ல வேண்டியதை நீங்க சொல்லுங்க. நான் உக்காந்து கேட்டுக்கறேன்."

அப்போது நெட்டை ஒன்று செய்தான், நினைத்துச் செய்ததில்லை, கை பழகிய பழக்கம். எங்கள் ஓட்டலில் யார் உட்கார்ந்தாலும் உடனே தண்ணீர் வைக்க வேண்டும். அவன் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அண்ணிக்கு முன்னால் வைத்தான். வைத்த பிறகுதான் யாருக்கு வைத்தோம் என்று அவனுக்கே உறைத்தது. அப்படியே நின்றுவிட்டான். அண்ணி டம்ளரை எடுத்து நிதானமாகக் குடித்தாள்.

ஸ்பூன்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. என்ன திமிர், யாரென்று தெரியுமா, உங்கள் கடையை என்ன செய்கிறேன் பார் என்று எகிறினார். கூட வந்தவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள், இப்போது யாரும் சிரிக்கவில்லை. துணைக்கு ஒரு ஆளும் எழுந்திருக்காததால் அவர் தனியாகவே வெளியேறினார்.

இஸ்திரி வந்து எழுந்திருங்கள் என்று பல்லைக் கடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள் அண்ணி. அப்போது சமையலறைக் கதவு திறந்தது. பெரிய மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து, பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். மேசை துடைக்கிற பெரியம்மா ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பாதி கட்டிய பார்சலை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். நெட்டை உட்கார்ந்தபோது அவன் முழங்கால் மேசையில் இடித்தது. கூடத்து நாற்காலி இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாடிக்கையாளர்களுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. ஒருவர் தானே எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, எங்களுக்கும் ஒரு ஜாடி கொண்டுவந்து வைத்தார்.

தகவல் போய் முதலாளி வந்தார். சுற்றிப் பார்த்தார். உங்கள் சார்பில் யார் பேசப்போகிறீர்கள் என்று கேட்டார். எங்கள் தலை எல்லாம் சொல்லிவைத்தாற்போல அண்ணி பக்கம் திரும்பியது.

"இத்தனை வருஷமா எல்லாருக்கும் சேர்த்து நானே பேசிட்டேன் முதலாளி," என்றாள் அவள். "இனிமே அவங்கவங்க பேசுவாங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் பேசியது பெரியம்மா. அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"அந்த ஆளு ஒரு நாள் எச்சில் தட்டை என் மேல வீசினார். இந்தப் பொண்ணு போய் மன்னிப்பு கேட்டா. வீசினது அவரு."

அண்ணியின் முகம் அப்போது சுருங்கியதைப் பார்த்தேன், எனக்குத் தாங்கவில்லை. அந்த வேகத்தில் நான் எழுந்துவிட்டேன். நெட்டை நாளைக்கு வேலைக்கு வருவான், வரவில்லையென்றால் நானும் வரமாட்டேன், சங்கம் ஆரம்பிக்கிறோம், அதில் நானும் இருக்கிறேன் என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் பெரிய மாஸ்டர் பேசினார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். உளறியவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு, அவ்வளவையும் முதலாளி நின்றுகொண்டே கேட்டார்.

அடுப்பில் எதுவோ தீய்கிற வாசனை வந்தது. பெரிய மாஸ்டர் அசையவில்லை. முதலாளி சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், எங்களை ஒரு தடவை பார்த்தார்.

நெட்டை வேலையில் இருக்கட்டும் என்றார். சங்கம் வைப்பது உங்கள் இஷ்டம், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றார். பிறகு அண்ணிக்குப் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த சாருக்கு மட்டும் ஒரு போன் போட்டு நீ ஒரு வார்த்தை சொல்லிடும்மா. உன்னாலதான் முடியும்."

"நம்பர் உங்ககிட்டதானே முதலாளி இருக்கு," என்றாள் அண்ணி. "நீங்களே சொல்லிடுங்க."

முதலாளி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, வாசல் பக்கம் போனார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.