நாசர் மச்சான் வீட்டு மெயில் சர்வர்

பேகம்பூரில் தோல் கடை வைத்திருக்கும் நாசர் மச்சானைப் போல ஒரு வீம்புக்காரரைத் திண்டுக்கல்லில் நான் பார்த்ததில்லை. என் அக்கா சர்புன்னிசாவைக் கட்டியவர் என்பதால் இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனிமேல் முடியாது.

ஊரெல்லாம் ஓசியில் மெயில் வைத்திருக்க, இவர் மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரை பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்துச் சொந்த மெயில் சர்வர் ஆக்கினார். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் முழுக்க அதற்குத்தான். அக்கா அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டு இணைப்பிலிருந்து போகிற மெயிலைப் பெரிய கம்பெனிகள் நம்பாமல் ஸ்பாமில் தள்ளிவிடும் என்று நெட் கனெக்ஷன் கொடுத்த யோகேஷ் படித்துப் படித்துச் சொன்னான்.

"அவன் கெடக்கான்" என்றார் மச்சான்.

மகள் ஷப்னத்தைப் பெண் பார்க்க நத்தத்திலிருந்து வந்தார்கள். பிரியாணிக்கு முன்னாலேயே தன் மெயில் முகவரி அச்சடித்த கார்டை எல்லோர் கையிலும் திணித்தார் இந்த மனிதர். ஷப்னத்துக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள். "யோசிச்சுச் சொல்லுங்க" என்று அவர்கள் கிளம்பினார்கள். எங்கள் பக்கம் வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பதில் வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம்.

மச்சான் சம்மதத்தை மெயிலில் அனுப்பினார்.

"ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க மச்சான்" என்றேன்.

"கல்யாணப் பேச்ச அடுத்தவன் கம்பெனி வழியா பேசச் சொல்றியா மாப்ள? இந்தா பாரு, அந்தப் பக்கம் வாங்கிக்கிச்சுன்னு போட்டிருக்கு."

பதில் வரவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் தாங்களாகக் கேட்டால் மரியாதை இருக்காது என்று அக்கா அழுதாள். என்னையும் கேட்க விடவில்லை.

மூன்று மாதம் கழித்து மச்சான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நத்தத்திலிருந்து அதே மாப்பிள்ளையின் நிக்காஹ் பத்திரிகை. பெண் வேறு. கூடவே மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா எழுதியிருந்தார்: 'உங்களுக்கு விருப்பமில்லை என்று புரிந்துகொண்டோம். வருத்தமில்லை. அவசியம் வந்து துஆ செய்யுங்கள்.'

"பாத்தியா, பிசகில்லாம வந்து எறங்கியிருக்கு. நம்ம சர்வர் மேல என்ன தப்பு? அவங்கதான் ஸ்பாமப் பாக்கல" என்றார் மச்சான்.

எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறியத் தோன்றியது. ஷப்னம் பின்னால் நின்று முழுவதையும் படித்திருந்தாள்.

"பத்திரிகை வந்திருச்சு அத்தா. என் சம்மதந்தான் போய்ச் சேரல."

மச்சான் திரும்பவில்லை. அந்த மெயில் எத்தனை விநாடியில் வந்து சேர்ந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.