தரையில் விரித்திருந்த முகம்

கணியம்பாடிப் பக்கம் குத்தகை நிலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்னப் பசுமைக் குடில் போட்டு நாற்று விற்கிறோம். இரும்புக் குழாய்களையும் கூரை பாலித்தீனையும் மட்டும்தான் புதிதாக வாங்கினோம். மற்றதெல்லாம் பழசு. பழசிலேயே அதிகம் உதவுவது ஃபிளக்ஸ் பேனர்தான். வேலூரில் பேனர் கட்டுகிறவர் ஒருவர் என் வீட்டுக்காரருக்கு தோஸ்த். விசேஷம் முடிந்து அவிழ்த்த பேனர்களை டீக்காசுக்குக் கொடுத்துவிடுவார். காற்றும் ஆடும் உள்ளே வராமலிருக்கப் பக்கவாட்டில் கட்டுவோம். களை முளைக்காமலிருக்கத் தரையில் விரிப்போம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். கிழிசல் எங்கே என்று தெரியாதபடி தைத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆரம்பத்தில் படம் இருக்கும் பக்கத்தைக் கீழே போட்டுத்தான் விரித்தோம். பிறகு ஒரு காற்று மழையில் கூரை கிழிந்தது. கையிலிருந்த கொஞ்சப் பணமும் கூரைக்கே போய்விட்டது. அந்த அவசரத்தில் தரையில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டோம். மேலே நாற்று ட்ரேக்களை அடுக்கிவிட்டால் எல்லாம் மறைந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சத்துவாச்சாரியிலிருந்து ஓர் அம்மாவும் அவருடைய மகளும் ஆட்டோவில் வந்தார்கள். புது வீட்டு மாடியில் தோட்டம் போடப்போவதாக மகள் சொன்னார். தொட்டிகளைப் பிறகு கொண்டுவந்து இறக்கும்படி சொல்லி, வீட்டு அடையாளமும் கொடுத்தார். அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“மொளகா நாத்து வேர் புடிச்சிருக்காம்மா?” என்று கேட்டார்.

“நல்லா புடிச்சிருக்கும்மா, பாருங்க” என்று ஒரு ட்ரேயைத் தூக்கி, ஒரு நாற்றை உருவிக் காட்டினேன். அவர் வேரைப் பார்க்கவில்லை. ட்ரே இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈர மண்ணுக்கு நடுவே ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. அந்த அம்மா குனிந்து, பக்கத்து ட்ரேயைத் தானே நகர்த்தினார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. அதற்குக் கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்பதில் பாதி எழுத்துகள்.

“உங்கப்பாடி” என்றார் மகளிடம்.

மகள் முதலில் தரையைப் பார்த்தார், பிறகு என்னை. “எப்படிக்கா மனுஷன் மூஞ்சி மேல நடந்துனு வேலை செய்றீங்க?”

“நான் பாக்கலம்மா” என்றேன். பொய். பார்த்திருந்தேன். விரித்து, சுருக்கம் நீவி, ஓரத்தில் கல் வைத்தவளே நான்தான். நல்ல கெட்டி ஃபிளக்ஸ், ரொம்ப நாள் வரும் என்று அப்போது நினைத்ததும் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குள் என் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயோடு வந்துவிட்டார். விஷயம் தெரியாமல், “அது பழைய ஃபிளக்ஸு மேடம். களை வராம இருக்கறதுக்குப் போடறது. எல்லா நர்சரிலயும் போடுவாங்க” என்றார். அவர் கால் அந்த வெள்ளைச் சட்டை மேல்தான் இருந்தது. நான் கண்ணைக் காட்டியதும்தான் புரிந்துகொண்டு பின்னால் நகர்ந்தார்.

அந்த அம்மா முந்தானையால் மண்ணைத் துடைத்தார். நானும் உட்கார்ந்து துணியால் துடைக்கப் போனேன். அவர் என் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தானே துடைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எதுவும் வாங்காமல் இருவரும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.

ட்ரேக்களை எடுத்துவிட்டு அந்தப் பேனரைக் கழுவினோம். அவர்களிடமே கொடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வேணாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. சாயங்காலம் அதைச் சுருட்டி, வண்டியில் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

மகள்தான் கேட்டைத் திறந்தார்.

“அப்பா படம்மா. நல்லா கழுவிட்டோம்” என்றேன்.

சுருளைப் பார்த்தார். “இத நான் எங்கக்கா வெக்கறது? வீட்ல ஃபிரேம் போட்ட படம் இருக்கு. இது செவுத்த விடப் பெருசு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “காரியம் முடிஞ்சதும் இது இன்னா ஆச்சுன்னு நாங்களும் யாரும் கேக்கல.”

காலையில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படித்தான் இருந்தது அவர் முகம் இப்போது. என் மனசு ஆற வேண்டும் என்று கிளம்பிவந்து அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. “யாருடி அது?”

“அட்ரஸ் கேக்கறாங்கம்மா” என்றார் மகள். எங்களைப் பார்த்துப் போய்விடும்படி தலையை அசைத்தார். சுருளோடு திரும்பி வந்தோம். வழியில் என் வீட்டுக்காரர், வேணாம்னு சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லை.

அதை மறுபடி விரிக்க எங்களுக்குக் கை வரவில்லை. எரிக்கவும் முடியவில்லை. மோட்டார் ரூம் பரணில் போட்டுவைத்தோம். அந்த வாரம் முழுக்க, வேலைக்கு நடுவே ட்ரேக்களைத் தூக்கித் தூக்கித் தரையைப் பார்த்தோம். இறந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களையும் பரணில் ஏற்றினோம். கல்யாண ஜோடிகளையும் காதுகுத்துக் குழந்தைகளையும் குப்புறத் திருப்பிப் போட்டோம். இனிமேல் வீட்டு மனை விளம்பரம் மட்டும் போதும் என்று என் வீட்டுக்காரர் பேனர்காரரிடம் சொன்னார். “கெடைக்கறதே கம்மி, இதுல இது ஒரு பேஜாரா?” என்று அவர் சிரித்தாராம்.

கொஞ்ச நாள் கழித்து அந்த மகள் போன் செய்து, மிளகாய் நாற்றும் தொட்டியும் கேட்டார். என் வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா அவருக்கு மோர் கொடுத்தாராம், பேனரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். கூட வரச்சொல்லி அவர் கூப்பிட்டும் நான் போகவில்லை.

இப்போதும் வேலூருக்கு பஸ்ஸில் போகும்போது முக்குக்கு முக்கு அஞ்சலி பேனர்கள் நிற்கின்றன. என் கண் முதலில் நீள அகலத்தைத்தான் பார்க்கிறது, அப்புறம்தான் முகத்தை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. இருந்தாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.