நெளிந்த கோப்பை

ஜெர்மனியில் பீங்கான் ஆலைகள் நிறைந்த செல்ப் ஊரில் காபிக் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவதில் வால்புர்காவை மிஞ்ச ஆள் கிடையாது. ஈரம் காயாத கோப்பையை இடது கையில் ஏந்தி, வலது கையால் கைப்பிடியைக் கூழ்மண்ணில் தொட்டு ஒரே அழுத்து. ஒரு நாளைக்கு அறுநூறு. நாற்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டவர்களிடம், போருக்குப் போன பையன்களெல்லாம் திரும்பி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பாள். போர் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன.

அவளுக்குக் கோபம் ஒரே ஒருவர் மேல்தான். சூளையிலிருந்து வருவதைத் தரம் பிரிக்கும் லோரென்ஸ். மனைவியை இழந்தவர், வாயில்லாப் பூச்சி. கோப்பையை மரக்குச்சியால் தட்டுவார். கணீரென்றால் அலமாரிக்கு, மந்தமாக ஒலித்தால் அங்கேயே உடைப்பார். உடைபடுவது தன் கோப்பை என்றால் பெற்ற பிள்ளையை அடித்தது போல் இருக்கும் அவளுக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அவளுடைய மேசையைக் கடக்கையில், இன்று குளிர் அதிகம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் கட்டைவிரல் கூடுதலாக அழுந்தி விளிம்பு நெளிந்துவிட்டது. நெளிந்ததைக் கழித்துவிட வேண்டும் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவளோ யாரும் பார்க்கவில்லையென்று வட்டமாக நிமிர்த்தி வைத்துவிட்டாள். பீங்கான் மண் பட்டதை மறக்காது. ஆயிரத்து நானூறு டிகிரி நெருப்பில் பழைய நெளிவு அப்படியே வெளியே வந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து லோரென்ஸ் அந்தக் கோப்பையோடு வந்து நின்றார். அடியில் அவளுடைய எண், இருபத்தேழு.

"அமுக்கிட்டு நிமித்தியிருக்கீங்க."

"ஆமா."

"உங்க கை தப்பாதே. என்ன நினைப்பு?"

பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "உங்க நினைப்புதான்."

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. அன்றே உடைத்திருக்க வேண்டும், மனசு வராமல் மூன்று நாளாகப் பையிலேயே வைத்திருக்கிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். வால்புர்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அப்ப உடைக்காதீங்க. நம்ம ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்கு முந்தின நாள் வாசல்ல பீங்கான் உடைக்கணுமே, அதுக்கு ஆகும்."

"யார் வாசல்ல?"

"என் வாசல்ல."

மே மாதம் ஊரே தேறாத சாமானைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அந்த வாசலில் போட்டு உடைத்தது. சில்லுகளை மணமக்கள் சேர்ந்து பெருக்கினால்தான் குடும்பம் விளங்கும். நெளிந்த கோப்பையின் முறை வந்தபோது லோரென்ஸுக்குக் கை எழவில்லை. வால்புர்கா அதை வாங்கிக்கொண்டாள்.

"ஏழு வருஷமா என்னுதை நீங்க உடைச்சீங்க. இதை நான் உடைக்கிறேன்."

படியில் ஓங்கிப் போட்டாள். பிறகு துடைப்பத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, குப்பை முறத்தைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரே குனிந்தாள்.