லோக்கல் ஐடிக்கு அறை இல்லை

ஈப்போவில் நான் ரொட்டி போடும் கடையில் தேநீர் ஆற்றுபவர் ஹாசிம் என்ற மலாய்க்காரர். நான் முதலாளியிடம் விடுப்பு கேட்டதைப் பார்த்துவிட்டு, “பாலிக் கம்போங்?” என்றார். சொந்த ஊருக்குப் போவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆமாம் என்றேன். எங்கே தங்குவாய் என்று கேட்டார். ஹோட்டலில் என்றேன். என் மலாயில் ஏதோ பிழை என்று நினைத்து, கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டி, தூங்குவது எங்கே என்று மறுபடி கேட்டார். நானும் அதேபோல் கையை வைத்துக் காட்டி, ஹோட்டல் என்றேன். அவர் தேநீர் ஆற்றப் போய்விட்டார்.

தாம்பரத்தில் பிறந்து இருபத்தாறு வயதுவரை அங்கேயே இருந்த எனக்கு, அந்த ஊரில் ஒரு தங்கும் ஹோட்டலின் பெயர்கூடத் தெரியாது. மூத்த மகள் தர்ஷினிதான் கைப்பேசியில் தேடி, மேற்குத் தாம்பரத்தில் கல்யாண மண்டபத்துக்குப் பக்கமாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். இங்கிலீஷில் வருவதையெல்லாம் பதிமூன்று வயதான அவள்தான் படித்துச் சொல்வாள். கல்யாணம் என் அண்ணன் மகளுக்கு. அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கும் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. நான் வரவில்லை. அண்ணன் அதைப் பற்றி என்னை ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக வேறு எதையும் கேட்கவில்லை. பொங்கலுக்கு ஒரு படம் அனுப்புவார், நானும் ஒரு படம் அனுப்புவேன். கல்யாணப் பத்திரிகையும் அப்படியே ஒரு படமாக வந்தது, கீழே ஒரு வார்த்தை இல்லாமல். வரச் சொல்கிறாரா, தகவல் சொல்கிறாரா என்று மனைவியும் நானும் இரண்டு நாள் பேசினோம். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் போங்கள் என்றாள். வருகிறேன் என்று நான் அண்ணனுக்குப் பதில் போடவில்லை.

அதனால்தான் ஹோட்டல். பெட்டியோடு போய் நின்றால் தங்க வந்தவன். பெட்டி இல்லாமல், குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மாலை ரிசப்ஷனுக்கு மண்டபத்தில் போய் நின்றால் விருந்தாளி. விருந்தாளியை யாரும் வா என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு எதிரே நின்று பேச வராது. பேச வராதவன் இப்படி ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பம் எந்த விமான நிலையத்திலும் ஒரே வரிசையில் நின்றதில்லை. மனைவியும் பிள்ளைகளும் மலேசியப் பிரஜைகள், நான் இந்தியன். அங்கே அவர்கள் உள்ளூர் வரிசை, நான் வெளியார் வரிசை. இங்கே இறங்கினால் நேர்மாறு. ஆனால் இந்த முறை, டிக்கெட் மலிவு என்று வந்து இறங்கிய திருச்சியில் அதிகாரி, தாய் இல்லாமல் வந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மூவரையும் ஒன்றாகவே விட்டார். பயணம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். திருச்சியில் மனைவியின் அத்தை வீட்டில் ஒரு இரவு தங்கி, காலை ரயிலில் கிளம்பி, நண்பகலுக்குத் தாம்பரத்தில் இறங்கினோம். பெரிய பெட்டி ஒன்று, சின்னப் பெட்டி இரண்டு, கயிறு கட்டிய அட்டைப் பெட்டி ஒன்று. அட்டைப் பெட்டியில் பிஸ்கட்டும் காப்பித்தூளும் கோடாலித் தைலமும். தைலம் யாருக்கு என்று முடிவு செய்யாமலே பன்னிரண்டு பாட்டில் வாங்கியிருந்தேன்.

பாலத்தில் ஏறி இறங்கி வெளியே வந்த பிறகுதான் கிழக்குப் பக்கம் வந்துவிட்டோம் என்று தெரிந்தது. எங்கள் வீடு கிழக்கே, ராஜகீழ்ப்பாக்கத்தில். இருபத்தாறு வருடம் பழகிய கால், என்னைக் கேட்காமல் வந்துவிட்டது. ஆட்டோக்காரர் ஒருவரிடம் ஹோட்டல் பெயரைச் சொன்னேன்.

“அது வெஸ்ட்டு சார். ஆட்டோல போனா சுத்திகினு போவணும். பாலம் ஏறி அந்தாண்ட எறங்கு, நடந்தே பூடலாம்.” பெட்டிகளைப் பார்த்தார். “இன்னா சார், ஊருக்குப் புதுசா?”

“ஆமாம்” என்றேன். அதுதான் சுருக்கமான பதிலாக இருந்தது.

“ஏன்பா இவ்ளோ பானாஸ்?” என்றாள் சின்னவள் லாவண்யா. சூட்டை அவள் மலாயில்தான் சொல்வாள். எட்டு வயது. ஈப்போவிலும் இதே வெயில்தான், ஆனால் அங்கே இவள் நான்கு பெட்டிகளோடு ஒரே பாலத்தை இரண்டு முறை கடந்ததில்லை.

ஹோட்டலில் குளிர் இருந்தது, சோபா இருந்தது, தண்ணீர் கொடுத்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். மூன்று பாஸ்போர்ட்டுகளையும் கொடுத்தேன். என்னுடையதை முதலில் எடுத்து, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கேதான் அப்பா பெயரும் அம்மா பெயரும் முகவரியும் இருக்கின்றன. கோலாலம்பூரில் புதுப்பித்தபோது இந்திய முகவரி ஒன்று கேட்டார்கள். வேறு முகவரி என்னிடம் இல்லை.

“சார், நீங்க ராஜகீழ்ப்பாக்கமா?”

“ஆமாம்மா.”

“சாரி சார். லோக்கல் ஐடிக்கு ரூம் குடுக்க மாட்டோம்.”

“நாங்க மலேசியால இருந்து வர்றோம்மா.”

“புரியுது சார். ஆனா அட்ரஸ் லோக்கல்ல இருக்கே. மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு.”

வீடு இருக்கிறவன் எதற்கு ஹோட்டலுக்கு வருகிறான் என்பது அவர்கள் கேள்வி. ஹாசிமின் கேள்வியும் அதுதான். எங்கள் பெயரிலாவது கொடுங்கள் என்று தர்ஷினி கேட்டாள். அந்தப் பெண் மற்ற இரண்டு பாஸ்போர்ட்டையும் திறந்து பார்த்தாள்.

“இவங்க ஃபாரினர்ஸ் சார். ஃபாரினர்ஸ் தங்குனா கவர்மென்ட்டுக்குத் தனி ஃபார்ம் அனுப்பணும். எங்களுக்கு அந்தப் பர்மிஷன் இல்ல. ஏர்போர்ட் பக்கம் பெரிய ஹோட்டல்ல குடுப்பாங்க.”

“அங்க எனக்குக் குடுப்பாங்களா?”

அவள் யோசித்தாள். “நீங்க லோக்கல் சார்.”

லாவண்யா தண்ணீர் குடித்து முடித்து, கிளாஸைக் கவுன்ட்டரில் வைத்தாள். “ஆன்டி, அப்பா இந்த ஊரு, அதனால ரூம் இல்ல. நாங்க வேற ஊரு, அதனால ரூம் இல்ல. அப்ப யாருக்குத்தான் ரூம்?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ரிசப்ஷனுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பிள்ளைகள் காலையில் தின்றது நான்கு இட்லி. திரும்பத் திருச்சிக்குப் போகலாம், அல்லது பெட்டியோடு அண்ணன் வாசலில் போய் நிற்கலாம். நான் சொல்வதற்கு முன்பே தர்ஷினி பெரிய பெட்டியின் கைப்பிடியை இழுத்துக்கொண்டு எழுந்தாள். அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

மூன்றாவது முறை பாலம் ஏறினோம். கிழக்கே அதே ஆட்டோக்காரர் நின்றிருந்தார்.

“இன்னா சார், ரூம் இல்லியா?”

“லோக்கல் ஆளுக்குக் குடுக்க மாட்டாங்களாம்.”

“யாரு லோக்கலு? நீயா? உன் பேச்சைக் கேட்டு சிலோன்காரருன்னு நெனச்சுகினு இருந்தேன்.” அட்டைப் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். “எங்க போவணும் சொல்லு.”

ராஜகீழ்ப்பாக்கம் என்று சொல்லி, தெருவையும் சொன்னேன். அந்தத் தெருவின் பெயரை வாயால் சொல்லி ரொம்ப நாள் ஆகியிருந்தது. வழியில் எனக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. செலையூர் ஏரியைக் கடந்ததுகூட ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டை மட்டும் கண்டுபிடித்துவிட்டேன், வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது.

அண்ணன் வாசலில் நின்று பந்தல்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முதலில் பெட்டிகளைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளை, கடைசியாக என்னை. நான் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மண்டபத்தில் சொல்ல வேண்டியவை. இங்கே சொல்ல எதுவும் இல்லை. அதனால் நடந்ததைச் சொன்னேன்.

“ஹோட்டல்ல ரூம் கேட்டோம். லோக்கல்னு குடுக்க மாட்டேன்னுட்டாங்க.”

“பின்ன, லோக்கல்தானே” என்றார் அண்ணன். பெரிய பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். “இன்னாடா வச்சிருக்க இதுல, கல்லா?” உள்ளே திரும்பி, “ஏ, சின்னவன் வந்துகிறான், ரெண்டு பொண்ணுங்களோட. இலை போடு” என்றார். அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. கூடத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழேதான் எங்கள் பெட்டிகளை அடுக்கினார்கள், வேறு இடம் இல்லை. அண்ணி பிள்ளைகளுக்குப் பூ வைத்துவிட்டாள். தைலம் பன்னிரண்டும் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். “டேய், அண்ணியோட அக்கா குடும்பம் மதுரைலேர்ந்து மூணு மணிக்கு வருது. குழந்தைங்க, லக்கேஜு எல்லாம் இருக்கும். ஸ்டேஷன்ல கூட்டிக்கினு போய் ரூம்ல விட்டுட்டு வந்துடு.” தாளில் இருந்த ஹோட்டல் அதேதான். அவரும் மண்டபத்துக்குப் பக்கமாகப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்.

மதுரைக்காரர்களை மேற்குப் பக்கமாகவே சரியாக இறக்கிவிட்டேன். இரண்டு பெட்டிகளை நான் தூக்கினேன். கவுன்ட்டரில் அந்தப் பெண் என்னைப் பார்த்து எழுந்துவிட்டாள். எனக்கு ரூம் வேண்டாம்மா என்றேன். மதுரை முகவரி போட்ட ஆதாரைப் பார்த்ததும் சாவி கொடுத்தாள். பிறகு பதிவேட்டைத் திருப்பி வைத்து, லோக்கல் கான்டாக்ட் யார், பேரும் நம்பரும் எழுதுங்கள் என்றாள். மதுரைக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தமிழில் பெயரை எழுதி, எனக்குத் தெரிந்த ஒரே நம்பரை எழுதினேன்.

“சார், இது மலேசியா நம்பராச்சே.”

“ஆள் லோக்கல்தாம்மா” என்றேன்.

அவள் பதிவேட்டை மூடினாள்.

வெளியே வந்து பாலத்தின் பாதியில் நிற்கும்போது கைப்பேசி அடித்தது. அண்ணன். ஒன்பது வருடத்தில் முதல் அழைப்பு. “விட்டுட்டியா? வர்றப்ப ஸ்டேஷன் ஓரத்துல ரெண்டு மொழம் பூ வாங்கிக்கினு வா. உன் பெரிய பொண்ணுக்குப் பத்தலயாம். மலேசியாவுக்குப் போவுது போன் காலு, காசு ஆவும், வச்சிடறேன்.” ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த அவர் குரல், மலேசியா போய்த்தான் என்னிடம் வந்திருக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் தெளிவாகக் கேட்டது.