நிறுத்தக்கா நடத்திய பாலக் கூட்டம்

பொது நூலகத்தின் மாடி அரங்கைக் கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஊரார் வைத்த பெயர் நிறுத்தக்கா. மேடையில் எப்பேர்ப்பட்ட நிபுணர் பேசினாலும் சரி, பேச்சு தடம் மாறியதும் "அங்கயே கொஞ்சம் நிறுத்துங்க சார்" என்பாள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "நான் பஸ்ஸை நிறுத்துறேன், அவ பேச்சை நிறுத்துறா. எனக்காவது ஸ்டாப் வந்தாத்தான். அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கெடையாது" என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பார்.

முதலில் நாற்காலி போடுவதும் மைக் சரிபார்ப்பதும்தான் அவள் வேலை. ஒருமுறை கண் டாக்டர்கள் கலந்துகொண்ட கூட்டத்தை நடத்த வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கையைப் பிசைந்துகொண்டு நின்ற நூலகர், வேறு வழியில்லாமல் இவளை மேடையேற்றினார். ஒரு டாக்டர் புரியாத சொற்களாக அடுக்கிப் பேசப் பேச, பின்வரிசை மெல்ல டீக்கடைப் பக்கம் நழுவியது. பொறுத்துப் பார்த்தவள் கேட்டேவிட்டாள்.

"டாக்டர், இதையே உங்க அம்மாவுக்குச் சொல்றதா இருந்தா எப்படிச் சொல்வீங்க?"

அரங்கம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அதன்பிறகு அவர் சொன்னது குழந்தைக்கும் புரிந்தது. அன்றிலிருந்து மேடை வேலையும் அவள் தலையில் விழுந்தது. நாற்காலி வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

ஆற்றுப் பாலத்தைத் திடீரென்று மூடியபோதுதான் அவளுக்கு நிஜமான சோதனை வந்தது. பாலத்தின் அடியில் விரிசல், ஆபத்து என்று பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர் அறிக்கை கொடுத்திருந்தார். அந்தப் பாலத்தைக் கட்டும்போது மேற்பார்வையிட்ட எஞ்சினியர், ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவர், பயப்பட ஒன்றுமில்லை என்று பத்திரிகையில் எழுதினார். பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து டீக்கடைகளில் மோதிக்கொண்டது. இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கப்போவதாக அக்கா சொன்னதும், கீரியையும் பாம்பையும் ஒரே கூடையில் போடாதே என்று நூலகர் எச்சரித்தார்.

அழைக்கப்போன அக்காவிடம் எஞ்சினியர் வீட்டு வாசலிலேயே மறுத்துவிட்டார். தன் மகள் வயதுப் பெண், தன் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை தன்னிடம் கேட்காமலே எழுதிவிட்டாள் என்பது அவர் மனத்தாங்கல். அக்கா கெஞ்சவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்க அவர் பாலத்தின் பழைய வரைபடங்களை விரித்து வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வரலைன்னா பரவாயில்ல சார். அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கலாம்னா, என்ன கேப்பீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாலத்து மேல நிஜமா பாரம் ஏத்திப் பாத்தாங்களான்னு கேப்பேன்."

"அதை நீங்களே வந்து கேளுங்க. நான் கேட்டா, அவங்க சொல்ற பதில் எனக்குப் புரியாது."

எஞ்சினியரிடம் என்ன கேட்பீர்கள் என்று பேராசிரியையிடமும் போய்க் கேட்டாள். தூண்களின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது வரைபடத்தில் தெளிவாக இல்லை, அதைத்தான் கேட்க வேண்டும் என்றார் அவர். அக்கா ஒருவர் கேள்வியை மற்றவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மேடையில் ஆளை மாட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது.

கூட்டத்தன்று நாற்காலிகளை நேர்வரிசையாகப் போடாமல், பேசுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி வளைத்துப் போட்டாள். பேராசிரியை திரையில் காட்ட ஒரு மூட்டைப் படங்கள் கொண்டுவந்திருந்தார். விரிசல் தெரிகிற ஒரே ஒரு படம் போதும் என்று பேசிச் சம்மதிக்க வைத்தாள். அரங்கத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆனாலும் முதல் அரைமணி வீண். இரண்டு பேரும் கூட்டத்தைப் பார்த்தே பேசினார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவள் கணவனை அடிக்கடி அவசரமாக அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"சுத்திப் போறதுக்குள்ள அவருக்கு மூச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்கு. ஆம்புலன்ஸ் அந்தப் பாலத்துல போகலாமா, கூடாதா?"

இருவரும் ஒரே நேரத்தில் விசை, அழுத்தம் என்று ஆரம்பித்தார்கள்.

"அங்கயே கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அக்கா. "போகலாம், கூடாது, தெரியாது. இதுல ஒண்ணைச் சொல்லிட்டு அப்புறம் காரணத்தைச் சொல்லுங்க. தெரியாதுன்னு சொன்னா இங்க யாரும் உங்களைக் குறைச்சு நினைக்க மாட்டோம்."

இரண்டு பேரும் முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டினார்கள். அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாமா என்று அக்காவுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். கடைசியில் எஞ்சினியர்தான் நாற்காலியோடு பேராசிரியை பக்கம் திரும்பினார்.

"பாரம் ஏத்திப் பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார். அதிகாரிங்க அனுமதி தரல. வரைபடத்தை வச்சுக் கணக்குப் போட்டதுதான். அதனால ஆம்புலன்ஸுக்கு என் பதில், தெரியாது."

எஞ்சினியர் தலையாட்டினார். "எனக்கும் தெரியாது. அன்னைக்குத் தாங்கிச்சு, அது தெரியும். இன்னைக்கு என்னன்னு பாத்தாத்தான் சொல்ல முடியும்."

அப்புறம் அக்கா வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அஸ்திவாரத்தைப் பற்றிப் பேராசிரியை கேட்க, எஞ்சினியர் ஒரு துண்டறிக்கையின் பின்பக்கத்தில் படம் போட்டே விளக்க ஆரம்பித்தார். மைக்கையே மறந்துவிட்டார். பின்வரிசையில் அவள் வீட்டுக்காரர் எழுந்து நின்று காதில் கை வைத்துக் காட்ட, அக்கா ஓசைப்படாமல் போய் மைக்கை எஞ்சினியர் வாயருகே நகர்த்தினாள். பாரச் சோதனைக்கு இருவரும் சேர்ந்தே அனுமதி கேட்பது என்று முடிவானது. அதை அவள் கேள்வி கேட்ட பெண்ணைப் பார்த்து இரண்டு முறை சொன்னாள்.

கூட்டம் கலைந்த பிறகும் இரண்டு பேரும் நடைவழியில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பூட்ட வந்த காவலாளியைத் தடுத்து, இவர்களை நிறுத்த மட்டும் தனக்கு மனசு வரவில்லை என்றாள் அக்கா.

சோதனை நடந்தது. ஆம்புலன்ஸும் சின்ன வண்டிகளும் ஒவ்வொன்றாகப் போகலாம், பஸ் கூடாது என்று முடிவு வந்தது. டிரைவர் இன்னமும் பஸ்ஸைச் சுற்றித்தான் ஓட்டுகிறார். உன் கூட்டத்தால் ஊருக்கெல்லாம் வழி பிறந்தது, என்னை மட்டும் அலையவிட்டுவிட்டாய் என்று வீட்டில் புலம்புகிறார். தூண்களைப் பலப்படுத்தும் வேலை தொடங்கியபோது, குழுவில் எஞ்சினியரையும் சேர்க்கச் சொன்னவர் பேராசிரியை. இரண்டு பேரும் இப்போதும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், தலையில் ஹெல்மெட்டோடு, பாலத்துக்கு அடியில்.