ஒரு தட்டு மிஞ்சியது

இன்று கோயிலில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆண்டவர் புயலை அடக்கும் அந்தப் பாட்டைத் தொடங்கி, புயல்மழை மாதிரி பெஞ்சுகளைப் படபடவென்று தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை ஸ்டெல்லா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

எழுபதுகளில், ராயபுரத்தில், நாங்களும் அப்படித்தான் தட்டினோம். ஆண்டவர் கடலை அதட்டும் அடி வந்ததும் டீச்சர் கையை உயர்த்துவார். புயல் அடங்கியதுபோல, ஒரு தட்டுகூட மிஞ்சாமல் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு நான்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போன எங்கள் அப்பா, நைனா, கரை திரும்பி வராமல் மூன்று நாளாகியிருந்தது. மூன்று முறை பாடி நிறுத்தினோம். வெளியே காற்று கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு தபா பாடலாம் டீச்சர்," என்று கெஞ்சினேன்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாடினார். எல்லோரும் நிறுத்திய பிறகு ஸ்டெல்லாவின் சின்னக் கை மட்டும் ஒருமுறை தட்டியது.

அவளை வாசலுக்கு இழுத்துப்போய் அறைந்தேன். "நீ ஒயுங்கா நிறுத்தல. நைனா வரலன்னா உன்னாலதாண்டி."

அவள் அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நைனா வரவேயில்லை. அதற்குப் பிறகு ஸ்டெல்லா எதற்கும் கை தட்டி நான் பார்த்ததில்லை.

இன்று பெஞ்சுகள் அதிர்ந்துகொண்டிருக்க, அவள் காதருகே குனிந்தேன். "அது உன்னால இல்லடி ஸ்டெல்லா."

எது என்று அவள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற டீச்சரின் கையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "இரு அக்கா. மொதல்ல பசங்க நிறுத்தட்டும்."