பொதுப் பெட்டியில் காணாமல்போன பட்டியல்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு ரைப்பிங் மட்டும் பழகிய நான் கொம்பியூட்டரைப் பற்றி எழுதுவது சரியில்லை. அதுவும் கரண்ட் இல்லாத ஊரில், ஜாம் போத்தல் விளக்கடியில் இருந்து இதை வாசிக்கப்போகும் உங்களுக்கு! ஆனாலும் இந்தக் கிழமை வேறெதையும் எழுத மனம் வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்வது ஒரு சின்ன நிவாரண அலுவலகம். மனேஜர் ஐயா, நான், குருநகர் அன்ரன் — மூன்று பேர், மூன்று கொம்பியூட்டர். மூன்றிலிருந்தும் வயர் போய், பக்கத்து அறை மூலையில் இருக்கும் நாலாவது பெட்டி ஒன்றில் சேருகிறது. நாங்கள் எழுதுவதெல்லாம் அந்தப் பொதுப் பெட்டிக்குள்தான் கிடக்கும். நான் எழுதியதை அன்ரன் திறக்கலாம். அன்ரன் எழுதியதை ஐயா திருத்தலாம். ஓர் அலுமாரி, அதைப் பூட்டித் திறக்க மூன்று திறப்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எனக்கு இந்த ஏற்பாடு முதல் நாளே பிடிக்கவில்லை. என் குசினி அலுமாரியில் மச்சாள் கை வைத்தாலே நான் சீனிப் போத்தலை இரண்டு தரம் பார்ப்பவள்!

மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் பத்து மணிக்குத் தொடங்கும், பன்னிரண்டுக்கு நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் எங்கள் உலகம்.

அந்தப் பெட்டிக்குள் நான் மூன்று கிழமையாக அடித்துச் சேர்த்த ஒரு பட்டியல் இருந்தது. சிகிச்சைக்காகக் கப்பலில் கொழும்புக்குப் போகவேண்டிய நோயாளர் முப்பத்திரண்டு பேர். யாருக்கு அவசரம் கூட என்று டொக்டர்மார் சொல்லச் சொல்ல வரிசைப்படுத்தியது. கடதாசியில் பிரதி இல்லை. பிரிண்டர் ரிபன் காய்ந்து ஒரு மாதம். சனிக்கிழமை பட்டியலைக் கொடுக்காவிட்டால் அந்தக் கப்பல் இவர்கள் இல்லாமல் போகும். அடுத்த கப்பல் எப்போது? அது கப்பலுக்கே தெரியாது.

பதினாலாவது பெயர் அளவெட்டி நாதஸ்வரக்காரர் ஒருவருடையது. தொண்டையில் கட்டி. அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சைக்கிள் உழக்கி வந்துவிடுவார்.

"பேர் இருக்குத்தானே தங்கச்சி?"

"ஓம் அக்கா, இருக்கு."

"ஒருக்கால் காட்டுவியளோ?"

காட்டுவேன். அவர் கண்ணாடித் திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

"அழிஞ்சு போகாதோ?"

"உதென்ன சிலேற்றோ அக்கா, அழியிறதுக்கு?"

அப்படித்தான் சொன்னேன். வாயை என்ன செய்வது...

புதன்கிழமை எங்கள் அலுவலகத்தில் வாணி விழா. பூசை முடிந்தபின் ஒருவரும் மெசினைத் தொடவில்லை. வியாழன் விடுமுறை. வெள்ளி பத்து மணிக்கு ஜெனரேற்றர் உறுமியது. மெசினைத் திறந்தேன். மற்ற எல்லாம் இருந்தன. பட்டியல் இல்லை.

மேலே தேடினேன், கீழே தேடினேன். இல்லை.

யார் அழித்திருப்பார்கள்? ஐயா ஒற்றை விரலால் ஒரு வரி அடிக்கவே ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பவர். நான் மூன்று கிழமை கண் நோக அடித்தவள். மிச்சம் யார்?

நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தி வந்தது. பூசை நேரம் அன்ரன் எங்களோடு நிற்கவில்லை. வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு, "ஜெனரேற்றர் சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு, பாத்திட்டு வாறன்" என்று உள்ளே போனார். ஜெனரேற்றர் இருப்பது கட்டடத்துக்குப் பின்னால், கோடியில். போகும் வழியில் என்ன இருக்கிறது? பெட்டி இருக்கிற அறை! கடலை கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் சரியாகத் திரும்பி வந்து, இரண்டு கை வாங்கினார்.

இன்னொன்று. பட்டியலில் குருநகர் ஆட்கள் இரண்டே பேர். இருவரும் இருபத்தைந்தாம் இடத்துக்குக் கீழே. அதைப் பார்த்து, "எங்கடை சனம் அடியிலைதான் கிடக்குது போலை" என்று பூசைக்கு முதல் நாள்தான் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வெள்ளிக்கிழமை அந்தச் சிரிப்பு எனக்கு வேறுமாதிரிக் கேட்டது.

கூச்சப்படுகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? நாங்கள் சாதுக்கள் என்று ஊர் நினைக்கிறது. இல்லை. வாய் திறந்து கேட்டால் அரை நிமிடத்தில் தீருகிற விஷயத்தை, கேட்காமல் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்கள் நாங்கள்.

அன்ரனிடம் கேட்கவில்லை. ஐயாவிடம் போனேன்.

"பட்டியலைக் காணேல்லை ஐயா. பூசை நேரம் அன்ரன் பெட்டியடிப் பக்கம் போனவர்..."

"அதுக்கு?"

"ஒண்டுமில்லை. சும்மா சொன்னனான்."

சும்மா! ஐயாவின் முகம் மாறிவிட்டது. "உயிர் விஷயம் தங்கச்சி. உது உண்மையெண்டால் அவனை நான் இஞ்சை வைச்சிருக்க ஏலாது."

வெளியே வந்தால், வருகிறவர்கள் இருக்கும் நீள வாங்கில் பரமேஸ்வரி அக்கா.

"நாளைக்கெல்லோ குடுக்கிறது? ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு..."

"மெசின் இன்னும் சூடாகேல்லை அக்கா. இருங்கோ."

அப்படியொரு பொய்யை நான் எங்கே பழகினேன் என்று தெரியவில்லை. அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

ஐயா அன்ரனைக் கூப்பிட்டு, பட்டியல் இல்லை என்றார். வேறொன்றும் சொல்லாமல் முகத்தையே பார்த்தார். அன்ரன் பதறவில்லை.

"ஒருத்தரும் இப்ப ஒண்டும் அடியாதேங்கோ. அழிச்சது உடனை போகாது ஐயா. பெட்டிக்குள்ளை ஒரு மூலையிலை கிடக்கும். அதுக்கு மேலை புதுசா எழுதினால்தான் போகும்."

இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அழித்துப் பழகியவருக்குத்தானே அழித்தது எங்கே கிடக்கும் என்று தெரியும்?

"ஆர் அழிச்சது, எத்தனை மணிக்கெண்டும் அதிலை கிடக்கும்" என்றார்.

நல்லது, தன் வாயாலேயே மாட்டப்போகிறார் என்று நினைத்தேன். மறுகணமே, அதையும் மாற்றிவிடுவாரோ என்று நினைத்தேன். அவருடைய கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண் வெட்டவில்லை.

மணி பதினொன்று நாற்பது. அன்ரன் எதையோ அடித்தார். நாங்கள் அழித்ததெல்லாம் திரையில் எழும்பி வந்தன. நான் பிழையாக அடித்த கடிதங்கள். ஐயா தொடங்கிவிட்டுக் கைவிட்ட ஒரு கலியாண வாழ்த்து. கடைசியில்... எங்கள் பட்டியல்!

அதன் பக்கத்தில் நேரம். புதன்கிழமை, பத்து ஐம்பத்திரண்டு. அதன் பக்கத்தில் ஒரு பெயர். காலையில் அவரவர் பெயரை அடித்துத்தான் நாங்கள் மெசினுக்குள் போவோம். அந்தப் பெயர்.

அது என்னுடையது.

"என்ரை பேரிலை ஆரோ..." என்று தொடங்கினேன்.

"உங்கடை மெசினிலை அப்ப ஆர் அக்கா நிண்டது?"

பத்து ஐம்பத்திரண்டு. பூசை நேரம். என் மெசினில் நின்றது நான்தான்!

அணைத்து வைத்த மெசினுக்கு என்ன பூசை, உயிரோடு இருக்கட்டும் என்று சண்டை பிடித்ததும் நான்தான். பெட்டியில் உள்ளவற்றின் பெயர்களைத் திரையில் வரவழைத்து, சரஸ்வதியின் கண் முதலில் விழவேண்டும் என்று அந்தப் பட்டியலில் வெளிச்சத்தை நிறுத்தியதும் நான். பிறகு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மேல் வரிசையில் ஒரு பொத்தானுக்கு ஒன்று. வலப்பக்கத்துப் பெரிய பொத்தானுக்கு ஒன்று. பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

அன்ரன் எழும்பிப் போய் என் பொத்தான்களைப் பார்த்தார். சந்தனம் இடுக்கெல்லாம் காய்ந்திருந்தது.

"மேல் பொத்தான் 'அழிக்கட்டோ' எண்டு கேக்கிறது. பெரிய பொத்தான் 'ஓம்' எண்டு சொல்லுறது. ரெண்டுக்கும் வடிவாப் பொட்டு வைச்சிருக்கிறியள் அக்கா..." குரலைத் தாழ்த்தினார். "குங்குமத்தோடை."

திரும்பி வந்து ஒரு பொத்தானை அழுத்தினார். பெயர்கள் வந்தன. பதினாலாவதும் வந்தது. ஜெனரேற்றர் நிற்க முதல் அதைப் பிளொப்பித் தட்டு ஒன்றில் ஏற்றி என் கையில் தந்தார்.

ஐயா தன் மேசையிலிருந்து ஓடி வந்தார். "கிடைச்சுதோ? ஆர் அழிச்சதாம்?"

அன்ரன் அந்தப் பெயர் கிடந்த திரையை எப்போதோ மூடிவிட்டிருந்தார்.

"கிடைச்சிட்டுது ஐயா. அதுதானே தேவை."

அத்தோடு முடிந்திருக்கும். நான் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். நாற்பத்தேழு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்?

"நான்தான் ஐயா. பொட்டு வைக்கேக்கை."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வாங்கில் இருந்த பரமேஸ்வரி அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அப்ப காலமை என்னட்டைச் சொன்னது?"

"அதுவும் நான்தான் ஐயா."

"காலமை என்ன சொன்னவ?" என்று அன்ரன் கேட்டார். ஐயா நிலத்தைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அன்ரனுக்கு விளங்கிவிட்டது. பிறகு, "ரெண்டு கை கடலை வாங்கினதைச் சொல்லியிருப்பா" என்றார். ஐயா சிரித்தார். அன்ரன் சிரிக்கவில்லை.

பரமேஸ்வரி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வழக்கம்போலத் தொட்டுப் பார்த்தார். அவர் விரலை எடுக்க, ஜெனரேற்றர் நின்றது.

அந்தப் பெட்டியை இப்போது நான் வேறுமாதிரிப் பார்க்கிறேன். அதற்குச் சந்தேகம் என்று ஒன்று கிடையாது. யார் அழித்தது, எத்தனை மணிக்கு... இரண்டே கேள்விதான் கேட்கிறது. நான் முதலில் கேட்டது, எந்த ஊர் என்று.

அடுத்த நாள், சனிக்கிழமை, பட்டியல் போனது. பதினாலாவது பெயர் பதினாலாவதாகவே இருந்தது. நான் சந்தனத்தைத் துடைத்தேன் — மெசினை நிற்பாட்டிவிட்டு.